குளிரை மறந்த செடி

மார்கழி அதிகாலையில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் செல்பவர்கள் சூளகிரியைத் தாண்டும்போது ஜன்னல்களை ஒவ்வொன்றாக இறக்கிவிடுவார்கள். மேடு ஏறுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, காதுமடலுக்குத் தெரிந்துவிடும். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் நிலம் முந்நூற்றைம்பது, நானூறு மீட்டர் உயர்ந்துவிடுகிறது. கீழே மாந்தோப்புகள். மேலே, பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த பசுமைக்குடில்கள். அவற்றுக்குள் ரோஜா. ஒரே மாவட்டத்தின் இரண்டு விளைச்சல்களைப் பிரிப்பது மண் அல்ல, இந்தக் குளிர்தான்.

இந்தப் பிரிவு பழையது. பிரிட்டிஷார் காலத்துச் சேலம் ஜில்லாவை அதன் ஆவணங்கள் மூன்று துண்டுகளாகப் பார்த்தன: தாலாகாட், பாராமகால், பாலாகாட். கணவாய்க்குக் கீழே உள்ளது தாலாகாட், கணவாய்க்கு மேலே உள்ளது பாலாகாட். கிருஷ்ணகிரி பாராமகாலைச் சேர்ந்தது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியின் கைக்கு வந்தது. ஓசூர் பாலாகாட். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த 1799-க்குப் பிறகே அது கும்பினிக்குக் கிடைத்தது. பூகோள ரீதியில் ஓசூர் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பு. நிர்வாக ரீதியில் அது தமிழ்நாட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதைச் சரித்திரத்தின் ஒரு தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தற்செயலால்தான் இன்று தமிழ்நாட்டின் ரோஜா கன்னடத்துத் தட்பவெப்பத்தில் பூக்கிறது.

இந்தக் குளிரை முதலில் காசாக்கியவர்கள் ரோஜாக்காரர்கள் அல்லர். 1824-இல் கும்பினியின் படைக்குக் குதிரைகளைத் தயார் செய்யும் நிலையம் ஓசூரையடுத்த மத்திகிரியில் அமைந்தது. இன்றைய அரசு கால்நடைப் பண்ணையின் தொடக்கம் அதுதான். சேலம் கலெக்டராக இருந்த பிரெட் என்பவர் 1860-களில் ஓசூரில் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையைப் போலவே ஒரு மாளிகையைக் கட்டிக்கொண்டார். மனைவியாகப் போகிறவளுக்காகக் கட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. இந்த வகைக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு கதை கிடைத்துவிடுகிறது என்பதால் நான் அதை அதிகம் நம்புவதில்லை. தளிக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் ‘சின்ன இங்கிலாந்து’. ஆக, ஊரை நினைவூட்டும் குளிர் ஒன்று அவர்களுக்கு இங்கே கிடைத்திருக்கிறது.

ஆனால் அது எவ்வளவு குளிர்? ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். 1884 ஜனவரி 13-ஆம் தேதி. ஓசூரின் வழக்கமான மார்கழி இரவு பத்திலிருந்து பதினைந்து டிகிரிக்குள் இருக்கும். ஐரோப்பாவின் தோட்டக்காரர் ஒருவரிடம் இதைக் கடுங்குளிர் என்று சொன்னால் சிரிப்பார். அவர் அறிந்த குளிரில் ரோஜாவின் தண்டுக்குள் இருக்கும் நீர் உறைந்து, உயிரணுக்கள் சிதைந்து, மேலே இருப்பதெல்லாம் கருகி, ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே மட்டும் உயிர் மிச்சமிருக்கும். ஸ்கார்பரோவில் வசிக்கும் என் உறவினர் ஒருவர் நவம்பரில் தன் வீட்டு முற்றத்து ரோஜாவுக்கு முழங்கால் உயரம் மண் அணைத்துவிட்டு, ஏப்ரலில் அதைத் தோண்டிப் பார்க்கும்வரை செடி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது என்பார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்குப் பூச்செடியைப் புதைப்பது இன்னும் பழகவில்லை.

அப்படியானால் ஓசூர் விவசாயி குளிரைக் கண்டு ஏன் அஞ்சுகிறார்? இதற்கு விடை தேட வேண்டுமென்றால் ரோஜாவின் வம்சாவளியைக் கொஞ்சம் கிளற வேண்டும்.

*

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் ரோஜா என்று ஐயமின்றிச் சுட்டக்கூடிய பூ கிடையாது. தென்னாட்டு மலைகளில் காட்டு ரோஜா இல்லாமலில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் வெண்ணிறத்தில் பூக்கும் கொடி ரோஜா ஒன்று உண்டு; பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோவின் பெயரை அது தாங்கியிருக்கிறது. ஆனால் நம் கவிகளின் கண்ணில் அது பட்டதாகத் தெரியவில்லை. நாம் ரோஜா என்று அறிந்தது கப்பலேறி வந்த பூ.

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவை. குளிர்காலம் முழுக்க உறங்கி, வசந்தத்தில் விழித்து, ஒரு மாதம் பூத்து, அடங்கிவிடும். அவற்றின் மணமும் அடர்த்தியும் பிரசித்தம். பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்பதும் பிரசித்தம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்து ரோஜாக்கள் இங்கிலாந்து சேர்ந்தன. 1792, 1793, 1809, 1824 என்று நான்கு ஆண்டுகளில் நான்கு செடிகள் வந்ததாக ரோஜாச் சரித்திரக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். அவற்றில் சில கல்கத்தா வழியாக வந்தன. சிவபூரில் 1787-இல் தொடங்கிய கும்பினியின் தாவரவியல் தோட்டம் அந்த நெடும் பயணத்தில் ஓர் இளைப்பாறும் இடம். சீனத்து ரோஜாவை இந்தியாவின் ரோஜா என்றே ஐரோப்பா நெடுநாள் எண்ணியிருந்தது. லின்னேயஸ் 1753-இலேயே ‘ரோசா இண்டிகா’ என்று பெயர் வைத்துவிட்டார். கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்ததோ அதுவே சரக்கின் ஊர் என்று எண்ணும் பழக்கம்.

இந்தச் சீன ரோஜாக்களின் அதிசயம், அவை நிற்காமல் பூத்தன என்பது. துளிர்விடும் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு மொட்டு. இதன் காரணம் இரண்டு நூற்றாண்டுகள் கழித்தே விளங்கியது. 2012-இல் வெளியான ஆய்வின்படி, ரோஜாவின் மரபணுக்களில் ஒன்று பூப்பதைத் தடுக்கும் காவலாளி. பழைய ரோஜாக்களில் குளிர்காலம் முடிந்ததும் அந்தக் காவலாளி சற்றே கண்ணயர்கிறான், செடி பூக்கிறது. பிறகு அவன் விழித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறான். சீன ரோஜாவில், எப்போதோ, அந்த மரபணுவுக்குள் வேறொரு துண்டு வந்து செருகிக்கொண்டது. காவலாளி செயலிழந்தான். கதவு நிரந்தரமாகத் திறந்துவிட்டது. காட்டில் அப்படிப்பட்ட செடி நெடுநாள் பிழைத்திருக்குமா என்பது ஐயமே. எவரோ ஒரு சீனத் தோட்டக்காரர் அதைப் பார்த்து, கிளை வெட்டிப் பதியன் போட்டு வைத்துக்கொண்டார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் ஓசூரில் தை மாதம் பூக்கும் ஒவ்வொரு ரோஜாவும் அந்த ஒரு மனிதரின் கைக்குக் கடன்பட்டது.

சுருக்கமாகச் சொன்னால், குளிர்காலத்தை மறந்த செடி. மறதிக்கு விலை உண்டு. உறங்கத் தெரியாத செடிக்குப் பனியைத் தாங்கத் தெரியாது. சீன ரோஜாவையும் ஐரோப்பிய ரோஜாவையும் கலந்து கலந்து, 1867-இல் லியோனில் கீயோ என்பவர் அறிமுகம் செய்த ‘லா பிரான்ஸ்’ வரை வந்து சேர்ந்தபோது, நிற்காமல் பூக்கும் நவீன ரோஜா உருவாகிவிட்டது. கூடவே ஒவ்வொரு டிசம்பரிலும் அதை எப்படிக் காப்பாற்றுவது என்ற கவலையும். கடந்த நூற்றாண்டில் குளிர்நாட்டு ரோஜா வளர்ப்பின் பெரும்பகுதி இந்த மறதிக்குப் பரிகாரம் தேடியதுதான். ஜெர்மனியில் கோர்டெஸ், பின்னர் கனடாவின் ஒட்டாவாவில் ஃபெலிசிதாஸ் ஸ்வேய்தா ஆகியோர் வடகிழக்காசியக் கடற்கரையின் முரட்டு ரோஜாவின் ரத்தத்தைக் கலந்தார்கள். ஸ்வேய்தாவின் செடிகள் சிலவற்றுக்கு வடதுருவத்தை நோக்கிக் கப்பல் செலுத்திய கடலோடிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. பெயருக்கேற்ற செடிகள், பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியிலும் மண் அணைக்காமல் பிழைத்தன.

நமக்கு வந்த கிளை வேறு. இந்துமாக்கடலில் ரீயூனியன் தீவில், அப்போதைய பூர்போன் தீவில், வேலியாக நட்ட சீன ரோஜாவும் இலையுதிர்காலத்தில் இரண்டாம் முறை பூக்கும் தமாஸ்க் ரோஜாவும் தாமாகவே கலந்து பிறந்த செடி ஒன்று உண்டு. 1817-ஐ ஒட்டி பிரெயோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அதைக் கவனித்தார். எதுவார் பெரிஷோன் என்பவரின் தோட்டத்தில் இருந்ததால் எதுவார் ரோஜா. அது அங்கேயே பிறந்ததா, கல்கத்தாவிலிருந்து போனதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இந்த எதுவார்தான் நம் ஊர் எட்வர்ட் ரோஜா. பன்னீர் ரோஜா என்று மாலைக்காரர்கள் உதிர்த்துக் கட்டும் இளஞ்சிவப்புப் பூ. ஆங்கில மன்னர் எட்வர்டுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பின்னாளில் அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதை நினைத்துக்கொண்டால், திருமண மாலையின் அந்த வாசனை கொஞ்சம் கனமாகிவிடுகிறது.

*

குளிர்நாட்டில் குளிருக்காகப் பயிற்றுவிக்கப்பட்ட ரோஜாவை வெப்பநாட்டில் வளர்ப்பது சரியா என்ற கேள்வியை இந்தியாவில் முக்கியமாக இருவகையினர் எழுப்பினார்கள். கோதுமை ஆய்வில் பெயர் பெற்ற பி.பி.பால், ஐரோப்பியச் செடிகளையே இந்த மண்ணில் மீண்டும் மீண்டும் கலந்து இந்திய ரகங்களை உருவாக்கினார். அவருடைய ‘இந்தியாவில் ரோஜா’ என்ற ஆங்கில நூல் 1966-இல் வெளிவந்தது. இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் ஒருவர் ஓய்வு நேரத்தில் ரோஜா வளர்த்தார் என்பதை இன்றைய அதிகாரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் பார்க்கப் போவதில்லை.

மற்றொரு வழி கொடைக்கானலில் இருந்து வந்தது. ஆட்சிப்பணியை முன்னதாகவே விட்டுவிட்டு வந்த எம்.எஸ்.வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும் வேறு கேள்வியைக் கேட்டார்கள்: குளிரே அறியாத காட்டு ரோஜாக்கள் நம்மிடம் இருக்கும்போது, பனியில் பிழைப்பதற்காக உருவான செடியைத் தொடர்ந்து எதற்குக் கெஞ்ச வேண்டும்? 1882-இல் மணிப்பூரில் ஜார்ஜ் வாட்டும் 1888-இல் பர்மாவின் ஷான் மலைகளில் ஹென்றி கோலட்டும் சேகரித்த ராட்சத ரோஜா ஒன்று. மரங்களின் மேல் ஏறி உச்சியில் பூப்பது. வங்கத்துச் சதுப்புகளில் கால் நனைய நின்று பூக்கும் ‘ரோசா கிளினோஃபில்லா’ இன்னொன்று. இவ்விரண்டையும் பெற்றோராகக் கொண்டு வெப்பநாட்டு ரோஜாக்களை அவர்கள் உருவாக்கினார்கள். ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டினார்கள். உலக ரோஜாச் சங்கங்களில் இந்தத் தம்பதியரின் பெயர் தெரிந்த அளவுக்குத் தமிழ் வாசகர்களுக்குத் தெரியவில்லை என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.

ஆனால் ஓசூருக்குள் நுழைந்தது அந்த ரோஜா இல்லை. அவர்களுடையவை தோட்டத்து ரோஜாக்கள். சந்தைக்கு வேண்டியது நீண்ட காம்பும் நிமிர்ந்த மொட்டும். 1988-இன் புதிய விதைக் கொள்கையும் 1991-இன் தாராளமயமும் சேர்ந்து, வெளிநாட்டுச் செடிகளும் தொழில்நுட்பமும் வருவதற்கு வழிவிட்டன. எழுபதுகளிலிருந்து சிப்காட் பேட்டையாக வளர்ந்த ஓசூரில், அசோக் லேலண்டும் டைட்டனும் இருந்த ஊரில், பூவும் ஒரு தொழிற்சாலைச் சரக்காக வந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் பெங்களூரையும் ஓசூரையும் சுற்றி டச்சு, இஸ்ரேலியக் கூட்டோடு பெரிய நிறுவனங்கள் கண்ணாடி போலப் பளபளக்கும் பண்ணைகளைத் தொடங்கின. அவற்றில் பல பத்தாண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. டிட்கோவின் கூட்டு முயற்சியாக அமுதகொண்டபள்ளியில் உருவான டான்ஃப்ளோரா நிலைத்தது. நிறுவனங்கள் விட்டுச் சென்ற இடத்தைச் சிறு விவசாயிகள் பிடித்தார்கள். பண்ணைகளில் வேலை பார்த்துத் தொழில் கற்றவர்கள், மானியமும் வங்கிக் கடனும் வாங்கி, அரை ஏக்கர், ஓர் ஏக்கரில் தாமே குடில் போட்டார்கள்.

இங்கேதான் ஓசூரின் குளிர் தன் முழுக் குணத்தையும் காட்டுகிறது. அது முதலில் வரம். இரவு குளிர்ந்தால் ரோஜா மெதுவாக வளரும். மெதுவாக வளர்ந்தால் காம்பு நீளும், மொட்டு பெருக்கும், நிறம் ஆழும். உலகின் பெரிய ரோஜா வயல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கொலம்பியாவில் பொகோட்டா, 2,600 மீட்டர். கென்யாவில் நைவாஷா, ஏறத்தாழ 1,900 மீட்டர். எல்லாம் பூமத்தியரேகைக்கு அருகிலுள்ள மேட்டுநிலங்கள். குளிர்ந்த இரவு உண்டு, குளிர்காலம் கிடையாது. ஓசூர் 900 மீட்டர்தான். அந்த உயரத்தின் குறையைப் பாதி ஈடுசெய்வது மார்கழியும் தையும்.

பிறகு அதே குளிர் வழக்காடத் தொடங்குகிறது. ஓசூர் ரோஜாவின் ஆண்டு முழுவதும் ஒரே ஒரு தேதியைச் சுற்றி அமைந்தது: பிப்ரவரி 14. நம் பஞ்சாங்கத்தில் மாசி பிறந்த கையோடு வரும் நாள். வெளிநாட்டுக்குப் போகும் பூ அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வெட்டப்பட வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணி, நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் முதல் வாரங்களுக்குள் கவாத்து செய்வார்கள். கவாத்து செய்த கணுவிலிருந்து பூ வர வெயில் காலத்தில் ஏறக்குறைய நாற்பத்தைந்து நாட்கள் ஆகும். குளிரில் அறுபதும் ஆகலாம். ரோஜா நாட்காட்டியை அறியாது. தான் பெற்ற வெப்பத்தைத்தான் அது கூட்டிக்கொண்டே வருகிறது. தை மாதத்தில் பத்து இரவுகள் எதிர்பார்த்ததைவிடச் சில டிகிரி குறைந்தால் மொட்டு ஒரு வாரம் தள்ளிப்போகும். பிப்ரவரி 7-இல் வெட்டவேண்டிய பூ 15-ஆம் தேதி அழகாக மலரும். அன்று அதற்கு விலை இல்லை.

ஐரோப்பாவில் குளிர் செடியைக் கொல்கிறது. இங்கே தேதியைக் கொல்கிறது. முந்தையதற்கு இருநூறு ஆண்டு ஆராய்ச்சி உண்டு. பிந்தையதற்கு விவசாயியின் அனுமானம் மட்டும். இவ்வாண்டு குளிர் நீளுமா என்று நவம்பரிலேயே ஊகித்து, குடிலைச் சில பாத்திகளாகப் பிரித்து, நான்கு நாள் இடைவெளி விட்டுக் கவாத்து செய்வது அவர் அறிந்த ஒரே காப்பீடு.

பனி வேறு. நம் குடில்களில் வெப்பமூட்டும் வசதி இல்லை. பக்கத் திரையை இறக்குவதும் ஏற்றுவதும்தான். மாலையில் இறக்கினால் உள்ளே கொஞ்சம் கதகதப்பு தங்கும், கூடவே ஈரமும் தங்கும். விடியற்காலையில் அந்த ஈரம் கூரையின் உட்புறம் துளித்து, கீழே மொட்டின் மேல் சொட்டும். ஒரு துளி போதும். பொட்ரைடிஸ் பூஞ்சை இதழில் புள்ளி வைத்துவிடும். திரையைத் திறந்தே வைத்தால் குளிர். ஈரமும் குளிரும் சேர்ந்த இரவுகளில் அடிச்சாம்பல் நோய், விவசாயிகள் ‘டவுனி’ என்று அழைப்பது, இரண்டு மூன்று நாட்களில் ஒரு குடிலின் இலைகளை உதிர்த்துவிடக் கூடியது. சிவப்பு ரகங்களுக்கு இன்னொரு சங்கடம்: குளிரில் வெளியிதழின் ஓரம் கறுத்துவிடும். ஓசூரில் பெருவாரியாக நடப்படும் சிவப்பு ரோஜாவின் பெயர் ‘தாஜ்மஹால்’. டச்சுக்காரர்கள் உருவாக்கிய ரகம். காதலின் சின்னத்துக்குக் கறுப்பு விளிம்பு வைத்து எவரும் வாங்குவதில்லை. மொட்டுக்கு வலைக்குல்லாய் மாட்டிக் காக்கும் பெண்களை டிசம்பர் கடைசியில் எந்தக் குடிலிலும் பார்க்கலாம். ஏக்கருக்கு ஆயிரக்கணக்கான குல்லாய்கள், ஒவ்வொன்றும் கையால்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பூவும் இருந்தது, குளிரும் விலகியிருந்தது. ஆனால் வாங்குவதற்கு ஆள் இல்லை. வெட்டாவிட்டால் செடி கெடும் என்பதால் தினமும் வெட்டி உரக்குழியில் கொட்டினார்கள். நிற்காமல் பூக்கும் செடி, நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. சீனத்துத் தோட்டக்காரரின் கொடை அந்த இரண்டு மாதங்களில் எப்படித் தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதற்கிடையில் நிலம் வேறு கணக்குப் போடுகிறது. மாவட்டத்தில் 2021-க்குப் பிறகு மின் ஸ்கூட்டருக்கும் கைப்பேசி உறுப்புகளுக்கும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தேவனஹள்ளி விமான நிலையத்தின் ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை போட்டி நிலையம் கூடாது என்பது அதற்குள்ள தடைகளில் ஒன்று. பூக்காரர்களுக்கு இது இருமுனைக் கத்தி. இப்போது பூவண்டி பெங்களூர் நெரிசல் முழுவதையும் கடந்து நகரின் வடகோடிக்குப் போக வேண்டியிருக்கிறது. பக்கத்திலேயே விமானம் வந்தால் நல்லது. ஆனால் விமானம் வந்த பின் ஏக்கர் விற்கும் விலையில் ரோஜா வளர்ப்பவர் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

ஒரு பிப்ரவரி தொடக்கத்தில் தளி சாலையிலுள்ள பண்ணை ஒன்றின் குளிர்பதன அறைக்குள் சிறிது நேரம் நின்றிருக்கிறேன். வெளியே முப்பது டிகிரி வெயில். உள்ளே கதவுக்கு மேலிருந்த அளவி 3 டிகிரி காட்டியது. பெங்களூரின் நூற்று நாற்பது ஆண்டுப் பதிவுகள் கண்டிராத குளிர். இருபது இருபதாகக் கட்டி, அட்டை சுற்றிய பூங்கொத்துகள் வாளி வாளியாக இருட்டில் நின்றன. முன்னதாக மலர்ந்துவிட்டவற்றைத் தேதி வரும்வரை நிறுத்தி வைக்கும் அறை அது. உறங்கத் தெரியாத செடியின் பூவை வேரிலிருந்து பிரித்த பிறகு உறங்க வைக்கிறார்கள். மேல்சட்டைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்த இளைஞர் ஒருவர் ஒவ்வொரு கொத்தாக எடுத்து, மொட்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, சிலவற்றைச் சிங்கப்பூர் என்று எழுதிய பெட்டியிலும் சிலவற்றைக் கீழே தரையிலும் வைத்துக்கொண்டிருந்தார். மூச்சை இழுத்துப் பார்த்தேன். அத்தனை ஆயிரம் ரோஜாக்கள் இருந்த அறையில் அட்டைப்பெட்டியின் வாசனைதான் இருந்தது.